மேனேஜரை நான் மாத்தின கதை

சிலிண்டர் போடுறவரு வீட்டுக்கு வந்ததும் மூடியத் திறந்து, உள்ள ஒரு கருப்பு வாஷர் இருக்குதான்னு எட்டிப் பாப்பாரே, அந்த வாஷர நாங்கதான் செய்யிறோம். நாங்கன்னா பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் எஸ்டேட்ல ஒரு சின்ன ரப்பர் கம்பெனி. எங்க கேட்டக் கண்டுபுடிக்க போர்டு பாக்க வேணாம், ரப்பர் வேகுற வாசன வந்தாப் போதும். ரப்பர் வேகுதுன்னு சொன்னா வெளியாளுங்க சிரிப்பாங்க. ஆனா எங்க தொழிலே அதுதான். பச்ச ரப்பர மோல்டுல வெச்சு, பிரஸ்ல அமுக்கி, சூட்டுல வேக வெக்கணும். வெந்தாதான் அது வாஷர். வேகாத வாஷரு பிசுபிசுன்னு இருக்கும், கொஞ்ச நாள்ல நசுங்கிடும், அப்புறம் கேஸ் கசியும். கேஸ் கசிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா என்ன?

நான் அங்க குவாலிட்டி இன்சார்ஜ். பேருதான் பெருசு. சேந்த அன்னிக்கு எனக்குக் குடுத்தது கால் ஆடுற ஒரு மேசையும், ரப்பர் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு காட்டுற உள்ளங்கை அளவு மீட்டரும்தான். வீடு கதிர்காமத்துல, மெடிக்கல் காலேஜுக்குப் பின்னால. ஸ்கூட்டிய எடுத்தா கொஞ்ச நேரத்துல கம்பெனி. அதனாலேயே அந்த வேலய எடுத்துக்கிட்டேன், பெரிய லட்சியமெல்லாம் ஒண்ணும் இல்ல.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டாரு. உக்கார வெச்சு, டீ சொல்லி, ஊர்க்கத பேசி, அப்புறந்தான் விஷயத்துக்கு வந்தாரு. எங்ககிட்ட சரக்கு எடுக்குற மெட்ராஸ் கம்பெனிக்காரங்க, குவாலிட்டி சர்ட்டிபிகேட் இல்லன்னா இனிமே ஆர்டர் கெடையாதுன்னு சொல்லிட்டாங்களாம்.

"நீ பாத்துக்குவ, எனக்குத் தெரியும்மா. ஆனா நம்ம புரொடக்ஷன் மேனேஜரு வழிக்கு வர மாட்டாரு. ஒண்ணு அவர நீ மாத்து. இல்ல, நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

இத அவரு டீய ஊதிக்கிட்டே சொன்னாரு. மாத்திடுறேன் சார்னு நான் உடனே ஒத்துக்கிட்டேன். ஏன்னா அந்த மேனேஜருக்கு வேற போக்கிடம் கெடையாது.

அவரு முதலியார்பேட்ட ஆளு, மில்லுல வளந்தவரு. அவங்க அப்பா மில்லு, சித்தப்பா மில்லு, இவரும் மீச மொளச்ச உடனே மில்லு. பாண்டிச்சேரியில மில்லெல்லாம் மூடுன கதைய இந்த ஊருக்காரங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. மூடுனதுக்கு அப்புறம் அவரு வீட்டம்மா இட்லி சுட்டு வித்துதான் குடும்பம் ஓடியிருக்கு. எங்க கம்பெனில பிரஸ்ஸுக்கு ரப்பர் தூக்கிப் போடுற வேலக்கித்தான் வந்தாரு. அங்கேருந்து ஏறி ஏறி மேனேஜர் ஆயிட்டாரு. படிப்பு பத்தாவது பெயிலு. வேற எந்தக் கம்பெனி வாசல்ல போயி நின்னாலும் மொதல்ல படிப்பத்தான் கேப்பாங்க. மேனேஜர்ங்குற நாற்காலி அவருக்கு இந்த உலகத்துல அந்த ஒரு ஷெட்டுலதான் இருந்துச்சு. அது போச்சுன்னா போச்சு.

அதனால அவர மாத்துறதுன்னா, அவரு வேலயக் காப்பாத்துறதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அத அவருகிட்ட சொல்ல முடியுமா? சொன்னா அன்னிக்கே பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவாரு, அவ்வளவு ரோஷம்.

சரியான முரடு. வாயத் தொறந்தா ஒரு நல்ல வார்த்த வராது. "லைன் நிக்கக் கூடாது." இதுதான் அவருக்கு வேதம். எந்தப் பிரஸ்ஸும் எப்பவும் நிக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்துல கூட ஆள மாத்தி மாத்தி ஓட்டுவாரு. நான் ஒரு வாஷர எடுத்து, "சார், இது வேகல, கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமா"ன்னு கேட்டா, வாங்கி நகத்தால ஒரு அமுக்கு அமுக்குவாரு. "வெந்துச்சு போ." அவ்வளவுதான். அவரு நகம் சில நேரம் சரியாத்தான் சொல்லும். சில நேரம் சுத்தமாத் தப்பா சொல்லும். தப்பா சொன்னத மீட்டர்ல காட்டுனா, "ஒன் மீட்டருக்கு இன்னா தெரியும்"னு மீட்டரையே மொறைப்பாரு.

நானும் மொதல்ல படிச்ச புத்தியத்தான் காட்டுனேன். செவுத்துல கலர் கலரா சார்ட்டு ஒட்டுனேன். புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தாந்து கிளாஸ் எடுத்தேன். அவரு மொத வரிசையில கையக் கட்டி, கண்ண மூடி உக்காந்திருந்தாரு. நான் தொண்டத்தண்ணி வத்தப் பேசி முடிச்சு, "ஏதாவது கேள்வி இருக்கா சார்"னு கேட்டா, கண்ணத் தொறந்து, "சாப்பாடு மணி ஆயிடுச்சு மேடம்"னாரு. வாஷர் ஓரத்துல பிசிறு வெட்டுற பொம்பளைங்க எல்லாம் முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு சிரிச்சாங்க. எனக்கு எரிச்சலான எரிச்சல். ஆனா வீட்டுக்குப் போறப்ப நெனச்சு நெனச்சு நானும் சிரிச்சேன்.

பெரிய சண்ட வந்தது சாமி பீஸ்லதான்.

எங்க ஷெட்டுல ஒரு பழக்கம். பிரஸ் வரிசைக்கு நடுவுல செவுத்துல முருகர் படம் இருக்கும். ஒவ்வொரு ஷிப்டுலயும் மொதல்ல விழற வாஷர ஒரு தட்டுல வெச்சு, படத்துக்கு முன்னாடி கற்பூரம் காட்டி, அப்புறம் அத எடுத்து மொதப் பெட்டியில மொத ஆளாப் போடுவாங்க. அதுக்குப் பேரு சாமி பீஸ். மேனேஜரு வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்ச வழக்கம்தான், ஆனா எல்லாருக்கும் அதுல அவ்வளவு பக்தி. சாமி பீஸ யாரும் அளக்க மாட்டாங்க, கொற சொல்ல மாட்டாங்க. பாவம், இந்தத் தொழில்ல மோசமான பீஸே மொதல்ல விழறதுதான். மோல்டு அப்ப சூடே ஏறியிருக்காது. மொதப் பீஸ அளந்து பாத்து ஓகே சொன்ன பெறவுதான் வேலய ஆரம்பிக்கணும்னு ஊர் ஒலகத்துல இருக்குற எல்லாக் குவாலிட்டி புஸ்தகமும் சொல்லுது. எங்க ஷெட்டுல மட்டும் அந்த ஒரு பீஸத்தான் தொடக் கூடாது. அது மட்டுமா? சாமி பீஸ் உள்ள போயிட்டா, அதுக்குப் பின்னால விழுந்த அர வேக்காடெல்லாம் சேந்து உள்ள போயிடும். சாமியே ஒத்துக்கிட்டாரு, நம்ம யாரு?

ஒரு காலையில நான் பொறுக்க மாட்டாம தட்டுல இருந்து அந்த வாஷர எடுத்து மீட்டர வெச்சேன். அய்யய்யோ! என்னமோ கோயில் உண்டியல ஒடச்ச மாதிரி எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. மேனேஜரு ஓடி வந்தாரு.

"சாமி எடுத்துக்கிட்ட பொருள நீ கொற சொல்லுவியா? இன்னா தைரியம் ஒனக்கு?"

"கொற நான் சொல்லல சார், மீட்டரு சொல்லுது."

"மீட்டரத் தூக்கி வெளிய போடு."

அதுக்கப்புறம் அவரு என்கிட்ட பேசறத நிறுத்திட்டாரு. நான் ஷெட்டுக்குள்ள போனா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. எனக்கு வர்ற டீ ஆறிப் போயித்தான் வரும். அதுவும் அவரு வேலதான்னு எனக்குத் தெரியும். முதலாளி வேற அப்பப்ப, "இன்னாம்மா, மாறுறாரா? நான் ஆள் பாக்கட்டுமா?"ன்னு கேப்பாரு. "மாறிடுவாரு சார், கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு நான் சமாளிப்பேன். இந்தப் பக்கம் ஒருத்தரு என்னத் திட்டுறாரு, அந்தப் பக்கம் அவருக்காக நான் கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன். என் தலயெழுத்து.

வெள்ளிக்கிழமயானா ஷெட்டுல பூஜ. அதுக்குப் பழம் தேங்கா எல்லாம் மேனேஜரு கையால வாங்கினாத்தான் அவருக்குத் திருப்தி. ஒரு வெள்ளிக்கிழம நான் வேலக்கிப் போறப்ப, ரோட்டோரம் பழவண்டிகிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. நான் வண்டிய ஓரங்கட்டிட்டு சும்மா பாத்துக்கிட்டு நின்னேன். அடேங்கப்பா! வாழப்பழச் சீப்ப ஒண்ணு ஒண்ணா எடுக்குறாரு, திருப்புறாரு, காம்பப் பாக்குறாரு. "இது அடிபட்டிருக்கு." "இது கன்னிப் போச்சு." "இதுல பழம் ஒத்தப்படையா இருக்கு, எடு வேற." தேங்காய சுண்டி, காதுகிட்ட வெச்சு, ஆட்டி, திருப்பிக் குடுத்து, மறுபடியும் வேற கேக்குறாரு. வண்டிக்காரம்மா, "யோவ், ஒன் பொண்ணுக்கு மாப்ள கூட இப்படிப் பாத்திருக்க மாட்டய்யா"ன்னு கத்துது. இவரு அசையல. "சாமிக்கும்மா"ன்னாரு, அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கிட்ட போயி, "சார், உங்கள விட பெரிய குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இந்த ஊர்ல யாரு இருக்கா?"ன்னேன். திரும்பிப் பாத்து மொறச்சாரு. நான் விடல. "அடிபட்ட பழம் சாமிக்கு ஆகாது. சரி. வேகாத வாஷர் மட்டும் ஆகுமா சார்?"

வண்டிக்காரம்மாகிட்ட காசக் குடுத்தாரு. பைய எடுத்துக்கிட்டு விடுவிடுன்னு போயிட்டாரு. போச்சுடா, இன்னும் கெடுத்துட்டோம்னு நெனச்சேன். அன்னிக்கு முழுக்க அவரு என் பக்கம் வரல.

மறுநாள் காலையில என் மேசைக்கு ஒரு அக்கா ஓடி வந்தாங்க. "மேடம், மேனேஜரு ஒங்களக் கூப்புடுறாரு, மீட்டர எடுத்துக்கிட்டு வரணுமாம்." போனா, அவரு தட்ட கையில வெச்சுக்கிட்டு படத்துக்கு முன்னாடி நிக்கிறாரு. கற்பூரம் இன்னும் ஏத்தல. "வெச்சுப் பாருங்க"ன்னு ஒரு வாஷர நீட்டுனாரு. வெச்சேன். பெயில். அத எடுத்து ஓரமாப் போட்டாரு. அடுத்தது விழுந்துச்சு. அதுவும் பெயில். பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு வேடிக்க பாக்குறாங்க. மோல்டு நல்லா சூடேறி, ஒரு வாஷரு பாஸ் ஆனதும், அதத் தட்டுல வெச்சாரு, கற்பூரம் ஏத்துனாரு, கண்ண மூடிக் கும்புட்டாரு. அப்புறம் சத்தமா சொன்னாரு: "இனிமே சாமி பீஸ் ஏறாம ஒருத்தரும் பெட்டியத் தொடக் கூடாது. மேடம் மீட்டரு வெக்காம சாமி பீஸ் ஏறக் கூடாது."

நான் பாத்ரூமுக்குப் போயி அழுதேன். சந்தோஷம்தான், வேற என்ன.

அதுக்கப்புறம் அவரு மெல்ல மெல்ல மாறுனாரு. ஆனா ஒண்ணுல மட்டும் மாறவே இல்ல. பிரஸ்ஸ நிறுத்த மாட்டாரு. சரக்கு சரியில்லன்னு தெரிஞ்சாலும், ஓடிக்கிட்டே சரி பண்ணலாம்பாரு. ஒரு நாள் நான் கேட்டுட்டேன். "ஏன் சார், நிறுத்துறதுக்கு அப்படி என்ன பயம்?" பிரஸ்ல ஒட்டியிருந்த ரப்பர நகத்தால சொரண்டுனாரு. அப்புறம் சொன்னாரு. "மில்லுல ஒரு நாளு மெஷின நிறுத்துனாங்கம்மா. ரிப்பேருன்னாங்க, ரெண்டு நாள்ல ஓடும்னாங்க. நாங்களும் தெனம் போயி கேட்டாண்ட நிப்போம். அது ஓடவே இல்ல." மேடம்னு கூப்புடுறவரு அன்னிக்கு அம்மான்னு சொன்னாரு. இவ்வளவு நாளா இந்த மனுஷன நான் பிடிவாதக்காரன்னு நெனச்சிருந்தேன். அவருக்கு இருந்தது பயம்.

அவரு மொத மொதல்ல பிரஸ்ஸ நிறுத்துன நாளு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு பிரஸ்ல ஹீட்டரு ஒரு பக்கமா சூடேறல. மீட்டர்ல பாதி பாஸ், பாதி பெயில். நான் அவரு மூஞ்சியத்தான் பாத்தேன். சிவப்பு பட்டன் மேல கைய வெச்சாரு, எடுத்தாரு, மறுபடியும் வெச்சாரு. அமுக்குனாரு. சத்தம் நின்னுச்சு. என்னப் பாத்து, சின்னப் புள்ள கேக்குற மாதிரி, "திருப்பி ஓடுமில்ல?"ன்னாரு. "ஓடும் சார், பிட்டரு வர்றாரு"ன்னேன். பிட்டரு வந்து ஹீட்டர மாத்துற வரைக்கும் அந்தப் பிரஸ் பக்கத்துலயே நின்னாரு, டீ குடிக்கக் கூட போகல. திரும்ப ஓடினப்ப ரெண்டு கையாலயும் பிரஸ்ஸத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "ஓடுதுடா, ஓடுதுடா"ன்னு பக்கத்துல இருந்தவன் முதுகுல அடிச்சாரு.

சர்ட்டிபிகேட்டுக்கு ஆடிட்டு வந்துச்சு. ஆடிட்டரு சாமி பீஸப் பத்திக் கேட்டுட்டு அசந்துட்டாரு. மேனேஜர் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. சர்ட்டிபிகேட்டும் வந்துச்சு, முதலாளி அதக் கண்ணாடி போட்டு மாட்டி, எல்லாருக்கும் ஜாங்கிரி குடுத்தாரு. மேனேஜர் தோள்ல கை போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு. நான் அன்னிக்கு நெனச்சேன், அப்பாடா, இந்த மனுஷன் நாற்காலியக் காப்பாத்திட்டோம், இனிமே யாரும் அத அசைக்க முடியாதுன்னு. என்ன ஒரு அசடு நான்.

தீபாவளி நெருங்குற சமயம். மெட்ராஸுக்கு பெரிய லோடு. லாரி வந்து கேட்டுக்குள்ள நிக்குது. ஏத்திக்கிட்டிருக்கும்போது மேனேஜரு வழக்கம் போல நடுவுல ரெண்டு மூணு பெட்டியத் தொறந்து பாத்திருக்காரு. நகத்தால அமுக்கியிருக்காரு. சந்தேகம் வந்து என்னக் கூப்புட்டாரு. மீட்டரு வெச்சா பெயிலு. பெட்டி பெட்டியாப் பெயிலு. பெரிய பிரஸ்ல சூடு எறங்கியிருக்கு, எப்பன்னு தெரியல. அவரு யோசிக்கவே இல்ல. எல்லாப் பிரஸ்ஸையும் நிறுத்துனாரு, லாரியில ஏறியிருந்த பெட்டியெல்லாம் எறக்கச் சொன்னாரு.

லாரிக்காரன் முதலாளிக்கு போன் போட்டுட்டான். முதலாளி கார எடுத்துக்கிட்டு வந்தாரு. எறங்குனதும், "ஏத்து"ன்னாரு.

"முதலாளி, வேகல. பெயிலு."

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஏத்து."

மேனேஜரு பெட்டிக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டாரு. "இது சிலிண்டருக்குப் போற சாமான் முதலாளி. அடுப்பு முன்னாடி பொம்பளைங்க நிக்கிற எடம். நான் ஏத்த மாட்டேன்."

அவரு குரல ஒசத்தல. கையக் கட்டிக்கிட்டு, பணிவாத்தான் சொன்னாரு. ஆனா பிரஸ்ஸெல்லாம் நின்னு போயி, ஷெட்டே சத்தமில்லாம இருந்துச்சு. அதனால அவரு சொன்னது எல்லார் காதுலயும் விழுந்துச்சு. முதலாளி சுத்திப் பாத்தாரு. பிசிறு வெட்டுறவங்க, பேக்கிங் ஆளுங்க, லாரிக்காரன், எல்லாரும் அவரத்தான் பாக்குறாங்க. நான் முன்னால போயி, "ஆமா சார், நான் அளந்துட்டேன், அனுப்பக் கூடாது"ன்னேன். முதலாளி லாரியக் காலியாவே அனுப்பிட்டு ஆபீஸுக்குள்ள போயிட்டாரு. பொம்பளைங்க கை தட்டுனாங்க. ஐயோ, தட்டாம இருந்திருக்கலாம்.

தீபாவளிக்கு முன்னாடி நாள் ஸ்வீட் பாக்ஸக் கையில குடுத்து, "ரொம்ப நாளா ஒழச்சிட்டீங்க, இனிமே வீட்ல ரெஸ்ட் எடுங்க"ன்னு அவர அனுப்பிட்டாங்க. அவருக்கு மொதல்ல புரியலயாம், லீவுதான் குடுக்குறாங்கன்னு நெனச்சிருக்காரு. தீபாவளி முடிஞ்சு வேலக்கி வந்தவரக் கேட்டுல நிறுத்தி வாட்ச்மேன்தான் வெவரம் சொல்லியிருக்கான்.

நான் ஆபீஸுக்குள்ள பூந்து கத்துனேன். எனக்கு மூக்கு மேல கோவம், அன்னிக்கு அது தலைக்கே ஏறிடுச்சு. "அவரு செஞ்சது என்ன தப்பு சார்? நானுந்தான அனுப்பக் கூடாதுன்னேன்? என்ன ஏன் அனுப்பல?"

முதலாளி பொறுமையாத்தான் பேசுனாரு. "நீ சொல்லலாம்மா. ஒன்ன வெச்சிருக்குறதே அதுக்குத்தான். நீ நிறுத்துனா அது குவாலிட்டி. அவரு நிறுத்துனா அது திமிரு."

"அவர மாத்தச் சொன்னதே நீங்கதான சார்!"

"மாத்தச் சொன்னேன். என் தலைக்கு மேல ஏத்தி உக்கார வெக்கச் சொல்லல."

நானும் வேலய விடுறேன்னு சொல்லிட்டு நேரா முதலியார்பேட்டைக்குப் போனேன். அவரு லுங்கியோட வாசல்ல உக்காந்திருந்தாரு. எழுந்து நின்னாரு, நாற்காலி போட்டாரு. அவரு வீட்டம்மா தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா செல்லும். இவரு எதுக்கும்மா வாயத் தொறந்தாரு?"ன்னு கேட்டாங்க. கோவமா கேக்கல. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. அவரு, "சும்மா இரு"ன்னு அவங்கள அடக்கிட்டு, என்னக் கேட்டாரு. "மேடம், நான் நிறுத்துனது தப்பா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏன் அனுப்புனாங்க?"

நான் வேலய விடப் போறேன்னு சொன்னதும் அவருக்குக் கோவம் வந்துடுச்சு. "அறிவிருக்கா? நீங்களும் போயிட்டா அங்க மீட்டரு வெக்கிறது யாரு? போங்க, வேலயப் பாருங்க." அந்த வார்த்தைக்காகத்தான் இன்னிக்கும் அங்க இருக்கேன். அவரு எடத்துக்கு ஒரு இன்ஜினியர் வந்துட்டாரு. நல்ல பையன். எதச் சொன்னாலும் "யெஸ் சார்" சொல்லுவாரு.

போன மாசம் ரப்பர் சாம்பிள் ஒண்ணு வாங்க சேதராப்பட்டுக்குப் போயிருந்தேன். பெரிய கம்பெனி, பெரிய கேட்டு. ஸ்கூட்டிய நிறுத்துனதும் செக்யூரிட்டி கூண்டுல இருந்து எழுந்து வந்தவரு, நீலச் சட்ட, தோள்ல கயிறு, தொப்பி. அவருதான். மீசய எடுத்துட்டிருந்தாரு. கம்பெனில எடுக்கச் சொல்லிட்டாங்களாம். "வணக்கம் மேடம்"னு சல்யூட் அடிச்சாரு. "சார், வேணாம் சார்"னேன். சிரிச்சாரு. "வண்டி டிக்கியக் கொஞ்சம் தொறங்க மேடம், பாக்கணும். ரூல்ஸ்." தொறந்தேன். உள்ள இருந்த ரெயின்கோட்ட எடுத்து ஒதறிப் பாத்து, மடிச்சு, திரும்ப வெச்சு மூடுனாரு. அடுத்த லாரி ஹாரன் அடிச்சுது, ஓடிட்டாரு. பேசக் கூட முடியல.

இது நடந்து கொஞ்ச நாள்லயே எஸ்டேட் கம்பெனிக்காரங்க எல்லாம் சேந்து ஒரு கூட்டம் போட்டாங்க. குவாலிட்டின்னாலே முறுக்கிக்கிற மேனேஜர்ங்கள எப்படி வழிக்குக் கொண்டாரதுங்குறதுதான் அதுல பேச்சு. எங்க முதலாளி எழுந்து, "எங்க மேடம் ஒரு முரட்டு ஆசாமிய மாத்திக் காட்டுனாங்க, அவங்களப் பேசச் சொல்லுங்க"ன்னு பெருமையா சொல்லிட்டு மொத வரிசையில போயி உக்காந்துக்கிட்டாரு. எனக்குப் பேசப் புடிக்கல. ஆனா எதிர்ல உக்காந்திருந்தவங்களப் பாத்தேன். எல்லாரும் மேனேஜருங்க, பாதிப் பேரு கையக் கட்டி, கண்ண மூடி உக்காந்திருந்தாங்க. சரி, அவரப் பத்தியாவது இவங்க கேக்கட்டும்னு ஆரம்பிச்சேன். சாமி பீஸச் சொன்னேன். பழவண்டியச் சொன்னேன். சிரிச்சாங்க, கண்ணத் தொறந்தாங்க. சிவப்பு பட்டன அமுக்கிட்டு, திருப்பி ஓடுமில்லன்னு அவரு கேட்டதச் சொன்னப்ப முன்னால சாஞ்சு உக்காந்தாங்க. ஆடிட்டரு கை குலுக்குனது வரைக்கும் சொல்லி நிறுத்திட்டேன். கை தட்டுனாங்க.

பின் வரிசையில ஒருத்தரு எழுந்தாரு. தல நரச்சவரு, கழுத்துல கைக்குட்ட. அவரும் மில்லு ஆளாத்தான் இருக்கணும், பேச்சுலயே தெரிஞ்சுது. "அந்த மேனேஜரு இப்ப எந்தக் கம்பெனில இருக்காரு மேடம்? எனக்கு அவரப் பாக்கணும்போல இருக்கு"ன்னாரு.

முதலாளி என்னத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்குப் பொய் சொல்ல வரல.

"சேதராப்பட்டுல. ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டியா இருக்காரு."

"ஏன் மேடம்?"

"சரியில்லாத சரக்க அனுப்ப மாட்டேன்னு லைன நிறுத்துனாரு."

அவரு தலையாட்டுனாரு. "சரிங்க மேடம்"னு சொல்லிட்டு உக்காந்தாரு. உக்காந்து, பேனாவ மூடிப் பாக்கெட்ல சொருகிக்கிட்டாரு. பக்கத்துல இருந்தவரும் சொருகிக்கிட்டாரு. அப்புறம் யாரும் எதுவும் கேக்கல. ஒருத்தரு ரெண்டு பேரா எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போக ஆரம்பிச்சாங்க. அந்த ஹால்ல இருந்த ஒரு மேனேஜரும் இனி ஜென்மத்துக்கும் லைன நிறுத்த மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.